குற்றாலத் தண்ணீர் குடித்த நாற்றுகள்

மிளகாய் நாற்றெல்லாம் இலை சுருண்டு கிடக்கிறது என்று அனுசியா வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. என் மனைவி எதையும் ஒரு பங்கு கூட்டிச் சொல்கிறவள் என்பது என் எண்ணம். ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். யார் எதைச் சொன்னாலும் நேரில் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு நிழல்வலைக்குள் போய்ப் பார்த்தேன். அவள் குறைத்துத்தான் சொல்லியிருந்தாள்.

வலைக்குக் கீழே நானூறு குழித்தட்டுகள். தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி, குழிக்கு ஒரு நாற்று. மண் கிடையாது, தேங்காய் நார்த்தூள்தான். விதை போட்டு இருபத்தைந்து நாள் ஆன நாற்றுகள் அவை. கொழுந்து கிண்ணம் மாதிரி குவிந்து சுருண்டு, நுனி பழுப்பாகக் கருகியிருந்தது. அடி இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சள் ஓடியிருந்தது. முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை நடந்தேன். எல்லாம் ஒரே கோலம்.

அன்று காலையே பரமேஸ்வரன் வேறு வந்துவிட்டார். கீழப்பாவூரில் மிளகாய் போடுகிறவர். ஆடியில் நடுவதற்கு எங்களிடம் நாற்றுச் சொல்லிவைத்திருந்தார். ஒரு நாற்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இசக்கிமணி அண்ணாச்சி, இது சுருட்டை. வைரஸ். சந்தேகமே வேண்டாம். எல்லாத்தையும் புடுங்கிக் குழியில போட்டு மூடிருங்க. இதுல ஒரு தட்டு வெளிய போனாலும் ஆலங்குளம் வரைக்கும் ஒருத்தன் தோட்டத்துலயும் மிளகா நிக்காது."

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "நாலு நாள் பொறுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

இந்தப் பண்ணை எனக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டுக்கு உள்ளே தள்ளி, எங்கள் இடத்தில் அனுசியாவும் நானுமாக நாற்றுப் பண்ணை போட்டோம். போன வருஷம் காற்றில் நிழல்வலை கிழிந்து ஒரு விதைப்பு முழுதும் போயிற்று. இந்த வருஷமும் போனால் என்னை நம்பி ஒருவரும் நாற்றுக் கேட்டு வரமாட்டார்கள். பண்ணையை மூட வேண்டியதுதான். மூடினால் எனக்கு ஒரே வழி. என்னோடு ராணுவத்தில் இருந்த செந்தில்வேல் குஜராத்தில் ஒரு தொழிற்சாலையில் காவல் மேற்பார்வையாளனாக இருக்கிறான். அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்று முந்தின நாள்தான் போன் பண்ணியிருந்தான். அதை அனுசியாவிடம் சொன்னேன். அவள் "ம்" என்றாள்.

எனக்குப் போக மனசில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துளியும் மனசில்லை. நான் ஊருக்கு வந்த புதிதில் என் மகள் முத்துச்செல்வி எனக்கு விருந்தாளிக்கு எடுக்கிற கண்ணாடி டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைப்பாள். எதைக் கேட்டாலும் "சரிப்பா" என்பாள். ஒன்றுமே எதிர்த்துப் பேச மாட்டாள். அவள் எதிர்த்துப் பேச இரண்டு வருஷம் ஆனது. இப்போது பத்தாம் வகுப்பு. நான் பைக் ஓட்டுகிற அழகைப் பற்றித் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள். இந்தக் கத்தலை விட்டுவிட்டு எவன் வீட்டுக் கேட்டிலோ போய் நிற்பதா?

மறுநாள் புதன்கிழமை. பத்து மணிக்கு சஃப்ரின் வந்தாள். கடையநல்லூர்ப் பெண். விவசாயம் படித்துவிட்டு ஒரு விதைக் கம்பெனியில் களப்பணி பார்க்கிறாள். எங்களுக்கு விதை தந்ததும் அந்தக் கம்பெனிதான் என்பதால், வரும்படி அனுசியா போனில் சொல்லியிருந்தாள். சாரலில் நனைந்த மழைக்கோட்டைக் கழற்றி ஸ்கூட்டியில் போட்டுவிட்டு நேராக வலைக்குள் வந்தாள்.

அவள் பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. வாயைத் திறக்காமல் இலையைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தாள். பூச்சி ஒட்டுவதற்காகத் தொங்கவிட்டிருந்த மஞ்சள் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழியிலிருந்து ஒரு நாற்றை உருவி வேரை முகர்ந்தாள்.

"வெள்ளை ஈ இல்லவே இல்லியே அண்ணாச்சி. அட்டையில ரெண்டு கொசுதான் ஒட்டியிருக்கு. வைரஸ பரப்புறது அந்த ஈதான். அதுவும் போக, வைரஸ்னா அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னுதான் வரும். இப்படி நாற்பதாயிரம் நாத்துக்கும் ஒரே நாள்ல வரிசை தப்பாம வராது."

"அப்ப என்ன நோய்?"

"நோயே இல்லாமலும் இருக்கலாம். என்ன உரம் குடுக்கிய?"

சொன்னேன். தண்ணீரில் கரைகிற பத்தொன்பது பத்தொன்பது உரம், மூன்று நாளைக்கு ஒரு தரம், மூன்று வருஷமாக அதே அளவு. நார்த்தூளும் அதே மில்லில் வாங்கியதுதான்.

"இந்தத் தடவை எதையாவது மாத்துனியளா?"

"ஒண்ணையும் மாத்தல" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"நல்லா இருக்க தட்டு ஒண்ணாவது இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல."

"இருக்கு" என்றாள் அனுசியா.

அதுவரை அவள் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். எங்களைக் குளியலறைச் சுவருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அவள் தம்பி வீட்டுக்கென்று எடுத்துவைத்து, அவன் வராமலே போன ஆறு தட்டுகள் ஒரு பழைய கட்டிலின் மேல் இருந்தன. அதே விதை, அதே நாள் போட்டது. ஆறும் கருகருவென்று பச்சை. இலை ஒவ்வொன்றும் விறைத்து நிமிர்ந்து நின்றது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

"இதுக்கு என்ன ஊத்துறிய அக்கா?" என்று கேட்டாள் சஃப்ரின்.

"உரம் எல்லாத்துக்கும் போடுறதுதான். தண்ணி, இந்தா, போர்த் தண்ணி. அவுக ஓஸ் பைப்பு இங்கன எட்டாது. வாளியில கோரி ஊத்துவேன்."

"ஏட்டி, அந்த உப்புத் தண்ணியையா?" என்று கத்திவிட்டேன். "அத ஊத்தாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

சஃப்ரின் என் பக்கம் திரும்பினாள். "அப்ப மத்ததுக்கெல்லாம் என்ன தண்ணி அண்ணாச்சி?"

இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. எங்கள் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, பாறையைக் குடைந்து போட்டது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இத்தனை நாளும் நாற்றுக்கு அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஆனால் பண்ணைக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி அருவி விழுந்துவிட்டால் இந்த ஓடையிலும் தண்ணீர் வந்துவிடும். மலை மூலிகையெல்லாம் தழுவி வருகிற தண்ணீர். ஊர் உலகத்திலிருந்து பஸ் பிடித்து வந்து மக்கள் அதில் தலையை நீட்டுகிறார்கள். நம் நாற்றுக்கு அது கிடைக்க வேண்டாமா? இந்த வருஷம் நானே குழாய் வாங்கி, நானே பள்ளம் தோண்டி, ஓடையிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். இதையெல்லாம் விவரமாகவே சொன்னேன்.

"எந்த நாள்ல இருந்து?"

"சீசன் விழுந்த அன்னைக்கே. ஆச்சு, பதிமூணு நாள்."

"எதையும் மாத்தலன்னு சொன்னியளே?"

"இதுக்குப் பேரு மாத்துறதா தாயி? நல்லது பண்ணுறது!"

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினாள் என்று நினைக்கிறேன். பையிலிருந்து, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து, முதலில் போர்த் தண்ணீரில் முக்கினாள். தொள்ளாயிரத்து எண்பது என்று காட்டியது. பிறகு ஓடைத் தண்ணீர். முப்பத்திரண்டு.

"பாத்தியா!" என்றேன் அனுசியாவிடம். "முப்பத்திரண்டு! எம்புட்டுச் சுத்தம்!"

"சுத்தந்தான் அண்ணாச்சி. அதான் வம்பே" என்றாள் சஃப்ரின். "நார்த்தூளுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணியில வார சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் அது முதல்ல பிடிச்சு வச்சுக்கிடும். அதுக்கு வயிறு நெறஞ்ச பெறவுதான் செடிக்கு மிச்சம். மூணு வருஷமா உங்க போர்த் தண்ணி நார்த்தூளுக்கும் செடிக்கும் சேத்துப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. தண்ணி காய்ச்சுற பாத்திரத்துல வெள்ளையா படியும்லா?"

"அதத் தேச்சே என் நகம் போச்சு" என்றாள் அனுசியா.

"அந்த வெள்ளைதான் அக்கா உங்க நாத்தக் காப்பாத்துனது. ஓடைத் தண்ணியில அது கிடையாது. உங்க உரத்துலயும் அது ரெண்டும் கிடையாது. இருந்த கொஞ்சத்தையும் நார்த்தூளே எடுத்துக்கிடுச்சு. சுண்ணாம்பு இல்லாட்டி கொழுந்து சுருண்டு நுனி கருகும். மெக்னீசியம் இல்லாட்டி அடி இலை இப்படி மஞ்சளாகும்."

எனக்குச் சுருக்கென்றது. நாற்றுப் போனதைவிட அது பெரிதாகத் தோன்றியது என்றால் சிரிப்பீர்கள். "குற்றாலத் தண்ணியையா கொற சொல்லுத?" என்றேன்.

"ஐயோ, அதச் சொல்லுவனா? சீசனுக்குக் குடும்பத்தோட வந்து நிக்கிறவ நான். குளிக்கிறதுக்கு அதப் போல உண்டா? நாத்து குளிக்க வரல அண்ணாச்சி, சாப்பிட வந்திருக்கு."

அனுசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பெண் நியாயமானவள். "இது என் கணிப்பு. வைரஸ் இல்லன்னு இங்கன நின்னு சத்தியம் பண்ண மாட்டேன். செடிதான் சொல்லணும்" என்றாள். இன்று கால்சியம் நைட்ரேட், நாளை எப்சம் உப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது. தண்ணீர் போரிலிருந்து. பத்துத் தட்டுகளை மட்டும் தனியே வைத்து, அவற்றுக்கு ஓடைத் தண்ணீரையே ஊற்ற வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். அதுவரை ஒரு நாற்றும் வாசலைத் தாண்டக் கூடாது. "சுருண்ட இலை இனிமே நிமிராது. அதப் பாத்து மனச விட்டுராதிய. அடுத்து வார இலையைப் பாருங்க. அது நேரா வந்தா சத்துக் கொற. அதுவும் சுருண்டு வந்தா, புடுங்கிக் குழியிலதான் போடணும்." நாலைந்து நாள் ஆகும் என்றாள். விரலை மடக்கிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை.

அவள் ஸ்கூட்டி முனை திரும்புவதற்குள் நான் தென்காசிக்குப் பைக்கைக் கிளப்பிவிட்டேன். இரண்டு உப்பையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். அவசரக்காரனுக்கு நாளைக்கு என்று ஒரு நாள் உண்டா? இரண்டையும் உரம் கரைக்கிற வாளியில் ஒன்றாகவே கொட்டிக் கலக்கினேன். வாளி முழுக்கச் சுவருக்கு அடிக்கிற வெள்ளை மாதிரி திரண்டுவிட்டது. அடியில் சேறு. குச்சியால் கிண்டிக்கொண்டே நின்றேன். அனுசியா வந்து எட்டிப் பார்த்தாள்.

"சேத்துக் கலக்கக் கூடாதுன்னு அந்தப் பிள்ள மூணு தடவ சொல்லிச்சு" என்றாள்.

"ரெண்டும் ஒரே வயித்துக்குள்ளதான போகப்போவுது?"

"சரி, அப்ப நீங்களே குடிங்க" என்று வாளியைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு, கால்சியத்தை மட்டும் அளந்து புதிதாகக் கரைத்தாள். அதன் பிறகு உப்புப் பை இருக்கிற பக்கமே என்னை விடவில்லை.

வியாழன், வெள்ளி, சனி. எல்லையில் காவல் நின்றிருக்கிறேன். அங்கேகூட இப்படி நின்றதில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தட்டுத் தட்டாகப் போவேன். கொழுந்துக்கு நடுவே ஊசிமுனை அளவு ஏதோ தெரியும். அது நேராக இருக்கிறதா சுருண்டிருக்கிறதா என்று கண் சொல்லாது. ஆசைப்பட்டால் நேராகத் தெரிகிறது, பயந்தால் சுருண்டு தெரிகிறது. வெளியே சாரல் விட்டபாடில்லை. ரோட்டில் டூரிஸ்ட் வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு அருவிக்குப் போயின. அவற்றைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முத்துச்செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து யூனிபார்மோடு என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இப்படி மூஞ்சிக்குள்ள மூஞ்சிய வச்சுப் பாத்தா அது எப்படி வளரும்? அதுக்கு வெக்கமா இருக்காது?"

"போ பிள்ள அங்கன."

"நான் சும்மா சொல்லல. நான் படிக்கும்போது நீங்க பின்னால நின்னா எனக்கே ஒண்ணும் ஓடாது." தட்டின் ஓரத்தில் சிந்தியிருந்த நார்த்தூளை விரலால் தட்டிவிட்டாள். பிறகு, "குஜராத்துல ரொம்ப வெயிலாப்பா?" என்று கேட்டாள்.

நான் அவளிடம் சொல்லவில்லை. அனுசியா சொல்லியிருக்க வேண்டும், அல்லது நான் போனில் பேசியதை இவள் கேட்டிருக்க வேண்டும். "அதெல்லாம் வெயில்தான்" என்றேன். அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவள் என்னோடு சண்டை போடவே இல்லை. பழைய மாதிரி "சரிப்பா" என்று ஒரு தடவை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் வலைக்குள் போனேன். சாரல் கொஞ்சம் விட்டிருந்தது. முதல் தட்டைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. சுருண்டு கிடந்த இரண்டு இலைக்கு நடுவில், விரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு புது இலை. தட்டையாக, நேராக, நுனி கூர்மையாக, வெளிறாத பச்சையில் நின்றது. அடுத்த குழியிலும் அப்படித்தான். அடுத்த தட்டிலும். ஓடிப்போய்க் கடைசி வரிசையைப் பார்த்தேன், அங்கேயும். தனியே வைத்திருந்த அந்தப் பத்துத் தட்டில் மட்டும் புதிதாக வந்த இலையும் சுருண்டு கருகியிருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு சந்தேகமும் மிச்சமில்லை. வைரஸ் இல்லை! பிடுங்க வேண்டாம்! குழி வெட்ட வேண்டாம்!

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா தெரியாது, மூக்கு மட்டும் ஒழுகியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே படம் எடுத்து சஃப்ரினுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவளும் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! அண்ணாச்சி, நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. தப்பாச் சொல்லிட்டமோன்னு" என்றாள்.

"நீயுமா?" என்றேன். நாலு நாளைக்கு முன்னால் இந்தப் பிள்ளையிடம் நான் குரல் உயர்த்தியது நினைவுக்கு வந்து, மன்னிப்புக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்டது அனுசியாவுக்குத் தெரிந்தால் காலண்டரில் குறித்துவைப்பாள்.

பரமேஸ்வரன் எட்டு மணிக்கே வந்து, பத்து நாற்றைத் தன் கையாலேயே உருவிப் பார்த்தார். பிறகு அந்த மோசமான பத்துத் தட்டையும் பார்த்தார். "இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு வண்டி கொண்டாறேன் அண்ணாச்சி. நான் சொன்னத மனசுல வச்சுக்காதிய" என்றார். நான் அவருக்கு இரண்டு காப்பி கொடுத்தேன்.

அவர் போனதும் செந்தில்வேலுக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நண்பன் மனசு கோணக் கூடாது, அதே சமயம் ஆணித்தரமாகவும் இருக்க வேண்டும்.

"ஏலே செந்தில், நல்லா யோசிச்சுப் பாத்தேன். நான் வரல. இடத்த வேற ஆளுக்குக் குடுத்துரு" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். "அத எப்பமோ வேற ஆளுக்குக் குடுத்தாச்சுலே. ஒனக்குத் தெரியாதா? தங்கச்சி வியாழக்கிழமையே போன் பண்ணி, அவுக வரமாட்டாக, எழுதி வச்சுக்கிடுங்கன்னு சொல்லிருச்சு."

வியாழக்கிழமை. மருந்து கொடுத்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. புது இலை எங்கேயும் தலை காட்டவில்லை. நான் போனைக் கையில் பிடித்தபடி அடுக்களைக்குப் போனேன். அனுசியா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு அவனுக்குப் போன் பண்ணுன?"

அவள் திரும்பவில்லை. "யாரக் கேக்கணும்?"

"வியாழக்கிழமை நாத்து செத்துக்கிட்டுல்லா இருந்துச்சு!"

"ஆமா. செத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு." தோசையைத் திருப்பிப் போட்டாள். "பொழைக்கும்னு எனக்கு மட்டும் தெரியுமா? அது போனா இன்னொரு வெத போடுறது. அதுவும் போனா பென்ஷன் கஞ்சி. கல்யாணமான நாள்ல இருந்து ஒங்க பெட்டிய நான்தான் அடுக்குனேன். இனிமே என்னால ஆகாதுன்னு அவருகிட்டச் சொன்னேன். ஒங்ககிட்டச் சொன்னா கத்துவிய."

நான் கத்தவில்லை. அத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட இவள் போகாதீர்கள் என்று சொன்னதில்லை. தென்காசி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கண்ணைத் துடைக்காமல், முறுக்கு டப்பாவை மறந்துவிடாதீர்கள் என்று சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் ஏற்றிவிடுவாள். அவளுக்கு அது பழகிவிட்டது, பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை என்று நினைத்து, நானும் நிம்மதியாகவே ரயில் ஏறியிருக்கிறேன்.

"ஏட்டி, நான் எப்பேர்ப்பட்ட மடையன்" என்றேன்.

"அது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவள் தோசைத் தட்டை என் கையில் கொடுத்தாள். உள்ளே முத்துச்செல்வி, தன் சார்ஜரை யார் எடுத்தது என்று என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.